மூணு மணிக்கு எழுப்பும் மனசாட்சி

படுத்ததும் தூக்கம் வந்துவிடும். இரண்டரை, மூன்று மணிவாக்கில் விழிப்பு தட்டும். கண்ணைத் திறப்பதற்குள் செய்த தப்பு எதிரே வந்து நிற்கும். மனசு உறுத்தலோடு படுப்பவர்கள் பலருக்குத் தூக்கம் இப்படித்தான் கெடுகிறது.

அந்த நேரத்துக்குக் காரணம் உண்டு. தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி முன்னிரவிலேயே தீர்ந்துவிடும். பின்னிரவில் கனவுத் தூக்கம் நீளும். விடியலை ஒட்டி, உடம்பை விழிக்கத் தயார்படுத்தும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கும். அப்போது எல்லோருக்குமே சின்னச் சின்ன விழிப்புகள் வரும், புரண்டு படுத்து மறந்துவிடுவோம். உறுத்தல் இருப்பவரால் மட்டும் அப்படி மறக்க முடிவதில்லை.

"அதை நினைக்கவே கூடாது" என்று பல்லைக் கடித்தால் நிலைமை மோசமாகும். 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை 5 நிமிடம் நினைக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். அடக்கியவர்களுக்கே பின்னால் அது அதிகமாக நினைவுக்கு வந்தது. குடித்துவிட்டுப் படுப்பதும் உதவாது. மது முன்னிரவில் கனவை அமுக்கும். போதை இறங்கியதும் கனவுகள் மொத்தமாகக் கிளம்பும், அதுவும் அதே மூணு மணிக்கு.

ராத்திரியில் தீர்க்க முடியாததைச் சாயங்காலமே கையில் எடுப்பதுதான் வழி. படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், போனில் அல்ல, தாளில் மூன்று வரி எழுதுங்கள். நான் செய்தது என்ன, யாருக்கு என்ன நஷ்டம், நாளைக்கு எத்தனை மணிக்கு என்ன செய்யப்போகிறேன். "அக்காவின் வளையலை அடகு வைத்துவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். அடுத்த மாதக் கல்யாணத்துக்கு அவளுக்கு அது வேண்டும். நாளை 11 மணிக்கு அடகுச் சீட்டோடு போய், வட்டியும் சேர்த்து மீட்க எவ்வளவு ஆகும் என்று கேட்பேன்."

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "நான் துரோகி, நான் மனுஷனே இல்லை" என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதில் மறுநாள் செய்ய ஒரு வேலையும் கிடைக்காது. "இப்படி ஆகிப்போச்சு" என்பதும் வேண்டாம், "செய்தேன்" என்றே எழுதுங்கள். 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் 57 பேரிடம் நடத்திய ஆய்வில், படுக்குமுன் 5 நிமிடம் இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்ததை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது.

எழுதியும் விழிப்பு வந்தால் கடிகாரம் பார்க்காதீர்கள். உத்தேசமாக 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் செருகும்போது திரும்பப் படுத்தால் போதும். புரண்டுகொண்டே கிடந்தால், பாயில் தலை சாய்த்ததும் கவலைப்படுவது உடம்புக்குப் பழக்கமாகிவிடும். அந்த வேளையில் வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதி அனுப்பாதீர்கள். அது நம் பாரத்தை இன்னொருவர் தலையணையில் இறக்கி வைப்பது.

மன்னிப்பைப் பகலில், நேரில் கேளுங்கள். அமெரிக்கப் பேராசிரியர் ராய் லெவிக்கியும் அவர் குழுவும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் மன்னிப்புக் கேட்பதன் ஆறு கூறுகளை ஒப்பிட்டார்கள். "தப்பு என்னுடையது" என்று ஏற்பதே மிக முக்கியமாக நின்றது. அடுத்தது, சரிசெய்து தருகிறேன் என்பது. "என்னை மன்னித்துவிடு" என்று கேட்பது கடைசி. நாம் பெரும்பாலும் அந்தக் கடைசியில்தான் ஆரம்பிக்கிறோம். வளையலை மீட்டுக் கையில் கொடுங்கள், அல்லது மீட்கும் தேதியைச் சொல்லுங்கள். மன்னிப்பதா வேண்டாமா என்பதை அக்காவிடமே விட்டுவிடுங்கள்.

தப்பே செய்யாதவரையும் குற்ற உணர்வு எழுப்பும். "அப்பாவை ஒருநாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாமே" என்று வருஷக்கணக்கில் தூங்காதவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மீறிய குற்ற உணர்வும் விடியுமுன் விழிப்பதும் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். எதிலும் பிடிப்பின்மையோ பசியின்மையோ சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் தூக்க மாத்திரை மட்டும் கேட்டு வாங்கி வராமல், எந்த நினைப்பு எழுப்புகிறது என்பதையும் சொல்லுங்கள்.