நான் போடாத சுவர்

“தம்பி, இந்தச் சுவரை நான் போடலையே. நான் ஏன் இடிச்சுக் கொடுக்கணும்?”

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் கடை நடத்திய ஓர் அக்கா, குத்தகை முடியும் தறுவாயில் கேட்டது இது. பதில் ஒப்பந்தத்திலேயே இருந்தது. கடையை ‘ஆரம்பத்தில் இருந்த வெறும் நிலைக்கு’க் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது, ‘சாவி வாங்கிய நாளில் இருந்த நிலைக்கு’ என்று எழுதவில்லை. உரிமையாளர் தரப்பு முகவராக நான் அதைத்தான் சொல்ல முடியும், சொன்னேன். பதில் சரி என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேள்வியும் சரிதான்.

முந்தையவரின் அமைப்போடு அப்படியே எடுக்கும் ‘டேக்ஓவர்’ கடைகளில் இது எப்படி நேர்கிறது? முன்பு அங்கே ஒரு முடிதிருத்தும் நிலையம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை கழுவும் தொட்டிகளின் கழிவுநீர்க் குழாயை மறைக்கத் தரையை மேடையாக உயர்த்தியிருப்பார்கள். தடுப்புச் சுவர், ஃபால்ஸ் சீலிங், கூடுதல் மின்சுற்று, இடம் மாற்றிய ஸ்பிரிங்க்ளர் (தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்) என்று வேறு பலவும் இருக்கும். போகும்போது இவற்றை அகற்றுவது அந்தக் கடைக்காரரின் கடமை. அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒருவர், ‘இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறேன்’ என்று வருகிறார். பழையவருக்கு இடிக்கும் செலவு மிச்சம், டெபாசிட் திரும்பிவிடும், மேற்கொண்டு டேக்ஓவர் பணமும் கிடைக்கும். உரிமையாளருக்குக் கடை சும்மா கிடக்காது. புதியவருக்கு அலங்காரச் செலவு குறையும். மூவருக்கும் லாபம்தான். அகற்றும் கடமை மட்டும் ஒரே வரியில் கைமாறிவிடுகிறது. நாளை இடிக்கப்போகும் சுவருக்கு இன்றே விலை கொடுக்கிறார் புதியவர்.

உரிமையாளர் பக்கத்தையும் தள்ளிவிட முடியாது. அடுத்து வருபவருக்கு வெறும் தரைதான் வேண்டும் என்றால், யாராவது ஒருவர் இடித்தாக வேண்டும். பழையவரை அவர் விட்டதே புதியவர் அந்தப் பொறுப்பை ஏற்றதால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 சதுர அடிக் கடை, சதுர அடிக்கு மாதம் 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மாத வாடகை 8,000 வெள்ளி. உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் 9 விழுக்காடு, அதாவது 720 வெள்ளி. மூன்று மாத டெபாசிட் 24,000. மூன்றாண்டு மொத்த வாடகை 288,000 வெள்ளிக்கு முத்திரைத் தீர்வை 0.4 விழுக்காடு, 1,152 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்தான ஒப்பந்தம் என்றால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். இதையெல்லாம் வருகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கடையைக் காலி செய்யும் செலவை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

அது கான்ட்ராக்டர் கூலியோடு நிற்பதில்லை. குத்தகைத் தேதிக்குள் இடித்து முடிக்க வேண்டும் என்பதால், கடைசி வாரங்களில் வியாபாரம் இல்லாமலே வாடகை ஓடும். கடைத்தொகுதிகளில் சத்தம் வரும் வேலையைப் பெரும்பாலும் இரவில்தான் அனுமதிப்பார்கள். ஸ்பிரிங்க்ளர் வேலைக்கு, பல இடங்களில், நிர்வாகம் சொல்லும் கான்ட்ராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். அதன் குழாய்த் தண்ணீரை வடிக்கவும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று பிந்தினாலும் தேதி தாண்டிவிடும். தாண்டிய நாள்களுக்கு உரிமையாளர் விரும்பினால் இரட்டிப்பு வாடகை கேட்கலாம் என்கிறது சிவில் சட்டத்தின் 28ஆம் பிரிவு.

இதைப் பேசித் தீர்க்கும் நேரம் எல்ஓஐ, அதாவது ஒப்பந்தத்துக்கு முந்தைய விருப்பக் கடிதம், எழுதும் கட்டம்தான். உரிமையாளருக்கு வாடகைதாரர் தேவைப்படும் வேளை அது. ‘ஒப்படைத்த நாளின் நிலைக்கு, இணைத்துள்ள படங்களின்படி’ என்று ஒரு வரி சேர்க்கக் கேட்கலாம். மறுத்தால், முன்பு கடை வைத்திருந்தவரிடம் டேக்ஓவர் பணத்தைக் குறைக்கச் சொல்லலாம். அவர் தப்பிக்கும் செலவு எவ்வளவு என்பது அவருக்கே தெரியும். தரை, கூரை, மின்பெட்டி, குழாய் முனைகள் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். குத்தகை முடிய ஆறு மாதம் இருக்கும்போது, அடுத்து வருபவர் இருக்கிறபடியே எடுப்பாரா என்று உரிமையாளரைக் கேட்டுவிட வேண்டும்.

கட்டடமே இடிபடப் போகிறது என்றால் வாதம் இன்னும் வலுக்கும். ஆன்சன் ரோடு, செசில் ஸ்திரீட் பக்கத்துப் பழைய அலுவலகக் கட்டடங்களை வீடாகவும் ஹோட்டலாகவும் மாற்றிக் கட்ட 2019இல் யுஆர்ஏ (நகர மறுசீரமைப்பு ஆணையம்) ஊக்கத் திட்டம் அறிவித்தது. அப்படி இடிக்கப்போகும் கட்டடத்தில் தடுப்புச் சுவரை மட்டும் வாடகைதாரர் தனியாக இடிப்பதில் அர்த்தமில்லை. கேட்டால் விட்டுக்கொடுக்கலாம், கேட்க வேண்டும்.

2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கும் சில்லறை வணிக இடங்களுக்கான குத்தகைச் சட்டம் நல்ல முன்னேற்றம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளில், அடிப்படை வாடகை, விற்பனையில் ஒரு பங்கு என இரண்டில் ‘எது அதிகமோ அது’ என்ற வாடகை முறைக்குப் பதிலாக ஒரே கணக்கு முறையைக் கொண்டுவந்தது. இருந்தாலும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைச் சட்டம் நமக்காகப் படித்துத் தராது.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் ஆர்இஎஸ் எனும் சொத்து முகவர் தேர்வைப் பற்றியும் கமிஷனைப் பற்றியும் கேட்கிறார்கள். வணிக இடங்களில் நிலைக்க நினைப்பவர் முதலில் குத்தகை முடிவு விதியைப் படிக்கக் கற்க வேண்டும் என்பேன். கற்ற பிறகு, தெரிந்ததை யாரிடம் சொல்லலாம் என்ற சிக்கல் வரும். ஒரே பரிவர்த்தனையில் ஒரு முகவர் இரு தரப்புக்கும் நிற்கக் கூடாது. அது நல்ல விதி. எதிர்த்தரப்பிடமும் நேர்மையாக நடக்க வேண்டும் என்பதும் விதிதான். அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டுவது நேர்மையா, அல்லது என்னை நம்பி வேலை கொடுத்தவருக்குச் செய்யும் துரோகமா?

கையெழுத்துக்கு முன்பே, “உங்களுக்கென்று ஒரு முகவரோ வழக்கறிஞரோ வைத்துக்கொள்ளுங்கள்” என்று அக்காவிடம் சொல்லப்பட்டது. “சின்னக் கடைக்கு எதுக்கு தம்பி?” என்றார். அவர் சொன்னதிலும் ஞாயம் உண்டு. ஒரு மாத வாடகையே கமிஷன் என்று பேசி, அதை இரு முகவர்கள் பிரித்துக்கொண்டால், மேலே போட்ட கணக்குப்படி ஆளுக்கு 4,000 வெள்ளி. அதிலும் நிறுவனத்துக்குப் பங்கு போகும். அந்தத் தொகைக்குத் தடித்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க ஆள் கிடைப்பது அரிது. பெரிய அலுவலக வாடகைதாரருக்கு ஆலோசகர் குழுவே வரும். இடிக்கும் செலவைத் தாங்க முடியாத சின்னக் கடைக்காரர்தான் தனியாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்.

டேக்ஓவர் கடைகளின் எல்ஓஐ முதல் பக்கத்திலேயே, ‘முந்தைய வாடகைதாரர் செய்த வேலைகளையும் நீங்களே அகற்ற வேண்டும்’ என்று தடித்த எழுத்தில் போடலாம் என உரிமையாளர்களிடம் இப்போது கேட்டுப் பார்க்கிறேன். பின்னால் தகராறு குறையும், அவர்களுக்கும் நல்லதுதானே. ஒருவர் உடனே சரி என்றார். இன்னொருவர், “கடை எடுக்க வருகிறவரை நீங்களே பயமுறுத்தி அனுப்பிவிடுவீர்களா?” என்று கேட்டார். அவருடைய அடுத்த கடைக்கான எல்ஓஐயில் அந்த வரியைச் சேர்ப்பது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.