சாக்கு எடையும் லாரி எடையும்

இன்று காலை கோத்தகிரியில் இலை ஏஜென்டிடம் பசுந்தேயிலை போட்டேன். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் ரசீது எழுதினார். அதைப் பார்த்ததும் பழைய கவலை திரும்பி வந்துவிட்டது. இருபது வருடம் ஒரு துறைமுகத்தில் சரக்குப் புள்ளிவிவரம் தொகுத்தவன் நான்.

ரோ-ரோ கப்பலில் கிரேன் தேவையில்லை. லாரி சரக்கோடு உருண்டு ஏறும், அக்கரையில் உருண்டு இறங்கும். அப்படியானால் டன் கணக்கில் எதைச் சேர்ப்பது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு கடல்வழிப் புள்ளிவிவர விதி தெளிவாகச் சொல்கிறது: பேக்கிங் எடை சேரும், டிரெய்லர், கன்டெய்னரின் வெற்று எடை சேராது. நாங்களோ வண்டியையும் சேர்த்தே எழுதினோம். காலியாகவே 8 டன் எடையுள்ள லாரியில் 10 டன் வெங்காயம் போனால் 18 டன் சரக்கு. அதே லாரி காலியாகத் திரும்பினாலும் 8 டன் சரக்கு! பல முறை எழுதிக் கொடுத்தேன், படிவம் மாறவில்லை.

ஏற்றுமதிக் கார் வேறு கதை. அங்கே வண்டியே சரக்கு, அதன் எடை முழுதும் சேர வேண்டும். ஆனால் கார் கப்பலின் கொள்ளளவை இன்னும் 1966ஆம் ஆண்டு டொயோட்டா கொரோனாவின் அளவை வைத்துத்தான் சொல்கிறார்கள். இன்றைய எஸ்யூவி அந்த இடத்தில் அடங்குமா?

உள்நாட்டுப் பயணத்தில் ஏற்றிய துறைமுகமும் இறக்கிய துறைமுகமும் தனித்தனியே எழுதும். இரண்டையும் கூட்டினால் ஒரே வெங்காயம் இரண்டு முறை வரும்.

நான் கேட்டதெல்லாம் படிவத்தில் மூன்று கட்டங்கள்: வண்டி எண்ணிக்கை, சரக்கு எடை, காலியா நிறைவா.