கிம்பர்லி கடலுக்கு டிக்கெட் போடுமுன் அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள்

பெர்த்திலும் மெல்போர்னிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் இருக்கும் அப்பா அம்மாவை அழைத்துக் காட்ட நினைக்கும் இடங்களில் இப்போது கிம்பர்லியும் சேர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலை அது. புரூம் நகரத்துக்கும் டார்வினுக்கும் நடுவே செம்பாறைக் குன்றுகளும் ஆயிரக்கணக்கான தீவுகளுமாக நீளும் கரை. கரையோரமாகச் சாலை கிடையாது. பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னலும் இல்லை. அதனால்தான் சிறிய சொகுசுக் கப்பலில் பத்துப் பன்னிரண்டு நாள் போய்ப் பார்க்கிறார்கள். பத்து இரவுப் பயணத்துக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்தான் ஆகும். சில கப்பல்களில் அதைப்போல மூன்று மடங்கு. இவ்வளவு பணம் கட்டுகிறவர்கள் கேபின் எப்படி, பால்கனி உண்டா, சாப்பாடு எப்படி என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: எந்த மாதம், எந்தத் திதி.

உவரியிலோ கூத்தன்குழியிலோ கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இருக்காது. அதனால் ஏற்ற வற்றம் நம் கண்ணில் பெரிதாகப் படுவதில்லை. கிம்பர்லியில் டெர்பி என்ற ஊரில் அந்த வித்தியாசம் 11 மீட்டரைத் தாண்டும். அங்கே கரையை ஒட்டிய கடலடி வெகுதூரத்துக்கு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் கிடக்கிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஏற்றம் அந்த மேட்டில் ஏறி, உள்ளே போகப் போகக் குறுகும் விரிகுடாக்களில் நெருக்கப்பட்டு உயர்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் திசை மாறும். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கப்பல் எங்கே நங்கூரம் போட வேண்டும், எத்தனை மணிக்குப் படகு இறக்க வேண்டும், எந்தக் கரையில் கால் வைக்கலாம் எல்லாவற்றையும் இதுதான் தீர்மானிக்கிறது. விளம்பரத் தாளில் அச்சிட்ட நிகழ்ச்சிநிரல் அங்கே போனதும் மாறினால் யாரும் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். மாறத்தான் செய்யும்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்து ஏற்ற வற்றம் உச்சத்துக்குப் போகும். அஷ்டமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் மிகவும் தணிந்து, உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ஏற்ற வற்றத்துக்காகவே பார்க்க வேண்டிய இரண்டு இடங்களும், அதாவது டால்பட் விரிகுடாவும் மான்ட்கோமரி பவளத்திட்டும், புரூமுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. புரூமில் கிளம்பும் கப்பல் வழக்கமாக மூன்றாம் நான்காம் நாளில் அங்கே இருக்கும். டார்வினில் கிளம்புவது ஏழாம் எட்டாம் நாளில் வந்து சேரும். ஆகவே புரூமிலிருந்து புறப்படுவதானால் அமாவாசை அல்லது பௌர்ணமி அன்றோ மறுநாளோ கிளம்பும் தேதியை எடுங்கள். டார்வினிலிருந்து என்றால் தசமியை ஒட்டிக் கிளம்புவது சரியாக வரும். எட்டாம் நாள் துவிதியையாக இருக்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே இதற்குப் போதும். ஒரே விலை, ஒரே கப்பல், ஒரு வாரம் முன்பின் என்று இரண்டு தேதிகள் கிடைக்கும்போது இந்தக் கணக்கைப் போடாமல் விடுவது பெரிய நஷ்டம்.

மான்ட்கோமரி திட்டு ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர். கடல் நிரம்பியிருக்கும்போது அங்கே ஒன்றுமே தெரியாது, வெறும் நீர்ப்பரப்பு. உச்ச நாள்களில் புரூம் பக்கம் நண்பகலை ஒட்டிக் கடல் நிரம்பி மாலை ஆறு மணியளவில் வற்றும் என்பதால், பிற்பகலில் படகுகளை இறக்குவார்கள். முதலில் ஒரு இடத்தில் நீர் சுருக்கம் விழுந்ததுபோலச் சலசலக்கும். பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு விளிம்பு தெரியும். அதன்பின் வேகம் எடுக்கும். திட்டின் மேலே தேங்கிய நீர் அத்தனையும் ஓரங்களில் வழிந்து, பார்க்கும் தூரம் வரை சின்னச் சின்ன அருவிகளாகக் கொட்டும். திட்டுக்கு நடுவே ஒரு கால்வாய் திறந்து ஆறுபோல ஓடும். படகோட்டி அதில் மூக்கை எதிர்நீரில் பிடித்து நிறுத்துவார். ஓரத்தில் கொக்குகள் வரிசையாக வந்து நிற்கும், மாட்டிக்கொள்ளும் மீனுக்காக. ஆமைகள் தலையை நீட்டி மூச்சு விட்டு மறையும். முழுதாக வற்றும்போது திட்டு நான்கு மீட்டர் உயரம்வரை வெளியே நிற்கும். அஷ்டமியை ஒட்டிப் போனவர்களுக்கு இதில் கால்வாசிகூடக் கிடைக்காது. திட்டின் மேல் ஏறி நடக்கக் கேட்காதீர்கள், மிதித்த பவளம் செத்துப்போகும்.

டால்பட் விரிகுடாவில் இரண்டு குறுகிய பாறை இடைவெளிகள் உண்டு. ஒன்று சுமார் 20 மீட்டர் அகலம், மற்றது ஏறக்குறைய அதில் பாதி. ஏற்றமும் வற்றமும் அந்த வழியாக நெரிந்து ஓடுவதால், ஒரு பக்கம் நீர்மட்டம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து, படுக்கைவசத்தில் அருவி ஓடும். அதற்குள் வேகப்படகில் பாய்வதுதான் இவ்வளவு காலமும் பிரபலம். 2022 மே மாதம் அங்கே ஒரு சுற்றுலாப் படகு பாறையில் மோதிப் பலர் காயப்பட்டார்கள். அந்த இடத்துக்கு உரியவர்களான டாம்பிமங்காரி பழங்குடி மக்கள் தங்கள் புனித இடத்தில் இது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதன்பேரில், 2028 மார்ச்சோடு இடைவெளிகளுக்குள் படகு ஓட்டுவதை நிறுத்த மேற்கு ஆஸ்திரேலிய அரசு முடிவெடுத்தது. அது நியாயமான முடிவு. வெளியே நின்று பார்க்கும்போதுதான் நீரின் வேகமும் உயர வித்தியாசமும் சரியாகத் தெரியும்.

இனி மாதம். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும். கப்பல்கள் ஓடுவது பெரும்பாலும் மே முதல் செப்டம்பர், அக்டோபர் வரை. அந்தக் காலத்தில் மழை அநேகமாகக் கிடையாது என்பதால் அருவிகள் மழைக்காலத்தில் சேர்ந்த நீரை வைத்தே ஓடுகின்றன, நாள் ஆக ஆக இளைத்துவிடும். கிங் ஜார்ஜ் அருவி 80 மீட்டர் உயரம், இரட்டை அருவி. மே மாதத்தில் படகை அடிவரை கொண்டுபோய் நனைத்துக் கூட்டிவருவார்கள். ஆகஸ்ட் கடைசியில் அதே இடத்தில் பாறையில் ஈரக்கறை மட்டும் இருக்கலாம். மார்ச்சில் குற்றாலத்துக்குப் போய் அருவியைத் தேடுவது போன்றதுதான் செப்டம்பரில் அங்கே அருவி தேடுவதும். மே மாதம் நமக்குப் பள்ளி விடுமுறை, கத்திரி வெயில்; அங்கே பகலில் 30 டிகிரியை ஒட்டிய வறண்ட வெயில், இரவில் இதமான குளிர். எங்களைக் கேட்டால் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை. திமிங்கிலம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு: கூனல் திமிங்கிலங்கள் குட்டி போட கேம்டன் சவுண்ட் என்ற கடற்பகுதிக்கு வருவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. அருவியும் திமிங்கிலமும் ஒரே பயணத்தில் நிறைவாக அமைவது அரிது. செப்டம்பர் கடைசிக்குமேல் புழுக்கம் தாங்காது.

கப்பல் விஷயத்தில் சின்னதே நல்லது. ட்ரூ நார்த் என்ற கப்பலில் 36 பேர்தான், ஹெலிகாப்டரும் கூடவே வரும். கோரல் அட்வென்ச்சரரில் 120 பேர். தலா 60 பேர் ஏறும் இரண்டு படகுகளில் எல்லோரையும் ஒரே நேரத்தில் இறக்கிவிடுவார்கள். இருநூறு பேர் போகும் கப்பல்களில் அறையும் உணவும் இன்னும் சொகுசாக இருக்கும். ஆனால் பிரிவு பிரிவாக இறக்குவார்கள், ஏற்ற வற்றமோ யாருக்காகவும் காத்திருக்காது. முதல் பிரிவு பார்த்த மான்ட்கோமரியை மூன்றாம் பிரிவு பார்க்காது. எனவே பதிவு செய்யுமுன் கேட்க வேண்டிய கேள்வி, "எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க முடியுமா, இல்லையென்றால் எத்தனை பிரிவு?" பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. கப்பல் அதிகமும் இரவில்தான் நகரும், பகல் முழுக்க நீங்கள் படகில் இருப்பீர்கள். கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதி அறை விலையும் குறைவு, ஆட்டமும் குறைவு. தீவுகளுக்குள் கடல் குளம்போலக் கிடந்தாலும், கிம்பர்லியின் வடகோடியைத் தாண்டி டார்வின் நோக்கிய திறந்த கடலில் ஜூன், ஜூலைக் காற்றுக்குக் கப்பல் நன்றாகவே ஆடும். மாத்திரையைப் புறப்படுமுன் போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது.

ரப்பர் படகில் ஏறி இறங்குவதுதான் வயதானவர்கள் பயப்படும் விஷயம். முறை தெரிந்தால் எழுபது வயதிலும் செய்யலாம். கையில் எதுவும் இருக்கக் கூடாது. கேமரா, கைப்பை எல்லாம் முதுகுப்பைக்குள். படகோட்டி கை நீட்டும்போது உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், வியர்வையில் வழுக்கும். அவர் முன்கையை நீங்களும், உங்கள் முன்கையை அவரும் பிடிக்க வேண்டும். அலை படகைத் தூக்கி நிறுத்தும் நொடியில், அவர் சொன்னதும் ஒரு காலைப் படகின் ஓரக் குழாய்மேல் வைத்து, அடுத்த காலை உள்ளே வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு எழுந்து நடக்காமல், உட்கார்ந்தபடியே நகர்ந்து இடம் மாறலாம். தவறுகிறவர்கள் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்: அலை இறங்கும்போது தயங்கிப் பாதியில் நிற்பது. கரையில் முழங்கால் நீரில் இறங்க வேண்டியிருக்கும். சிப்பி ஒட்டிய பாறை கத்தியாக வெட்டும். வார்ச்செருப்பு கூடாது, விரலை மூடும் ரப்பர் அடி காலணி வேண்டும். அம்மாமார்கள் சேலையை கப்பலில் வைத்துக்கொள்ளட்டும். படகுக்குச் சீக்கிரம் உலரும் சுடிதாரோ பேண்டோதான் பாதுகாப்பு. தொப்பிக்கு நாடா இருக்கட்டும்.

தண்ணீரில் கை தொங்கப்போட வேண்டாம். உப்புநீர் முதலைகள் ஆற்று முகத்தில் மட்டுமல்ல, தீவுக் கரைகளிலும் உண்டு. பெரிய ஆண் ஆறு மீட்டர் வரை வளரும். வழிகாட்டி சொல்லும் குளத்தைத் தவிர எங்கேயும் இறங்கக் கூடாது. ராஃப்ட் பாயின்ட், பிக் தீவு போன்ற இடங்களில் பாறைக் குகைகளில் வாண்ட்ஜினா ஓவியங்கள் இருக்கின்றன. பெரிய கண்கள், வாய் கிடையாது, மழையைக் கொண்டுவரும் மூதாதையராக இன்றும் வணங்கப்படுபவர்கள். கோயில் கருவறை முன் நிற்கும்போது எப்படி இருப்போமோ அப்படி இருந்தால் போதும்: தொடாமல், கேட்காமல் படமெடுக்காமல். கேரினிங் விரிகுடாவில் ஒரு பருத்த போவாப் மரம். பிலிப் பார்க்கர் கிங் என்ற கடலோடியின் ஆட்கள் கப்பல் பெயரையும் 1820 என்ற ஆண்டையும் அதில் செதுக்கிப் போனது இன்றும் படிக்கும்படி இருக்கிறது. ராமநாதபுரக் கரையில் பப்பரப்புளி என்று நாம் பார்க்கும் மரத்தின் இனம்தான் அது.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு 600 என்ற எண்ணுள்ள பார்வையாளர் விசா எடுக்க வேண்டும். சில கப்பல்கள் திமோர், இந்தோனேசியா பக்கமும் தொட்டுவருவதால் பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அல்வா, கருப்பட்டி, முறுக்கு, மிளகாய்ப் பொடி எடுத்துப் போவதானால், விமானத்தில் தரும் அட்டையில் 'உணவு இருக்கிறது' என்று டிக் செய்துவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள்; சொல்லாமல் மாட்டினால் அபராதம். கறிவேப்பிலை, விதைகள் வேண்டவே வேண்டாம். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள், முட்டை உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து. நடுவழியில் கடை கிடையாது, கிளம்பும் துறைமுகத்தில் ஏற்றியதுதான் பத்து நாளுக்கும். தயிரும் சோறும் பருப்பும் முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

காப்பீட்டில் 'மருத்துவக் காரணத்துக்காக ஹெலிகாப்டரில் வெளியேற்றும் செலவு' இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு பில் மொத்தப் பயணச் செலவையும் தாண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரம் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு, கைப்பையில். நம் பிளக் அங்கே சேராது, அடாப்டர் வேண்டும். நெல்லையிலிருந்து திருவனந்தபுரமோ சென்னையோ போய், சிங்கப்பூர் வழியாக டார்வின் அல்லது பெர்த், பெர்த்திலிருந்து புரூம் என்று மாற வேண்டும். புரூம் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், டார்வின் நான்கு மணி. கப்பல் ஏற்றத்தைப் பார்த்துக் கிளம்பும், விமானம் தாமதமானவருக்காக நிற்காது. ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கத்தார் அந்த நாளைப் புரூமின் முத்துக் கடைகளுக்கும் முத்துக்குளிப்போரின் ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். நம் சிப்பியைவிடப் பல மடங்கு பெரிய சிப்பி அங்கே. திரும்பும் விமானத்தையும் கப்பல் கரைசேரும் அன்றே போடாமல் மறுநாளுக்குப் போடுங்கள்.