துக்கத்துக்கு யார் நாள் குறிப்பது?

அப்பா போய் ஒரு வருடம் தாண்டியும் அம்மா தினமும் அழுகிறார், திவசம் முடிந்தால் தேறிவிடுவார் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், தேறவில்லை, இது மனநோயா என்று சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் தோழி கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்கிற விஷயமில்லை இது.

மனநோயைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. தைராய்டு, ரத்தசோகை மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ரத்தம் எடுப்பார்கள். மற்றபடி மருத்துவர் கேட்பதும் நாம் சொல்வதும்தான். அதை வைத்துப் பார்க்க முக்கியமாக இரண்டு கையேடுகள் உண்டு: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி.

உறவை இழந்து இரண்டு மாதம் ஆகாதவருக்குப் பொதுவாக மனச்சோர்வு நோய் என்று முடிவுகட்டக் கூடாது என்று முன்பு டிஎஸ்எம் சொன்னது. 2013இல் ஐந்தாம் பதிப்பு அந்த விலக்கை எடுத்துவிட்டது, பலத்த எதிர்ப்பு கிளம்பியது. 2022இல் வந்த திருத்தத்தில் நீடித்த துக்கம் தனி நோயாகவே சேர்ந்தது. பெரியவர்களுக்கு 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது டிஎஸ்எம், ஐசிடியின் 11ஆம் பதிப்புக்கு 6 மாதம் போதும். மாதக்கணக்கை மட்டும் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் அது ஒரு பகுதிதான். டிஎஸ்எம்படி, கடைசி ஒரு மாதமாவது ஏறக்குறைய தினமும் இறந்தவருக்காக ஏங்கவோ அவர் நினைப்பிலேயே மூழ்கிக் கிடக்கவோ வேண்டும், அதோடு இறந்ததையே நம்ப முடியாமை, உணர்வு மரத்துப்போவது, தன்னில் ஒரு பகுதியே போய்விட்டது போலிருப்பது என்று 8 அறிகுறிகளில் குறைந்தது 3 இருக்க வேண்டும், அதனால் கடுமையான வேதனையோ அன்றாட வாழ்க்கையில் முடக்கமோ இருக்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இன்னொரு நிபந்தனை. அந்தத் துக்கம் அவரவர் பண்பாடு, மதம் சார்ந்த வழக்கத்தைத் தாண்டியதாக இருக்கிறதா என்று இரண்டு கையேடுகளுமே பார்க்கச் சொல்கின்றன. சரி, நம் வழக்கம் என்னவென்று பாலிகிளினிக் மருத்துவருக்கு யார் சொல்வது? படத்துக்கு மாலை போடுவது, அமாவாசைக்குப் படையல் வைப்பது, படத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசி அழுவது எல்லாம் நம் வீடுகளில் நடப்பதுதான். பேரன் பிறந்தநாளுக்குக்கூட அறையைவிட்டு வராமல், சந்தைக்குப் போவதை நிறுத்தி, சாப்பாட்டையும் ஒதுக்கிக்கொண்டு கிடப்பது வழக்கமே இல்லை.

கூடப் போகும் பிள்ளைகள் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லும்போது கொஞ்சம் வருத்தம் என்று சுருக்கிவிடாதீர்கள், அம்மா என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லுங்கள். அப்புறம், தான் சாக வேண்டும் என்று அம்மா பேசினால் எந்த மாதக்கணக்கும் பார்க்காமல் உடனே கூட்டிப் போங்கள், சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் (ஐஎம்எச்) அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது.