ஏழு வில்லியம்கள், ஒரு மட்டில்டா: டி பிரியூஸ் குடும்பத்தைச் சுருள்களில் தேடிய கதை

மாக்னா கார்ட்டா என்கிற உரிமைச் சாசனத்தின் 39ஆம் பிரிவைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு குடும்பப் பெயர் ஓரமாக வந்துபோகும். டி பிரியூஸ். சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் யாரையும் பிடிக்கவோ அடைக்கவோ உடைமையைப் பறிக்கவோ கூடாது என்கிற பிரிவு அது. 1215இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் ஜான் மன்னரிடம் அதை வாங்கியபோது, ஐந்து வருடம் முன்னால் அரசச் சிறையில் பட்டினியால் செத்த ஒரு தாயும் மகனும் அவர்கள் நினைவில் இருந்திருக்க வேண்டும். தாயின் பெயர் மட்டில்டா. கணவர் வில்லியம் டி பிரியூஸ், சசெக்ஸில் பிராம்பர், வேல்ஸ் எல்லையில் பிரெக்கன், ராட்னர், பில்த், அபர்கவென்னி ஆகியவற்றின் பிரபு. இந்தக் குடும்பத்தின் கதையை, பேரப்பிள்ளைகள் வரை, ஆதாரத்தோடு ஒரே கோர்வையாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதைச் செய்த விதத்தை இங்கே சொல்கிறேன். வேறொரு பிரபுக் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கும் பாதி வழி இதுதான்.

முதல் தலைவலி பெயர். 1066 படையெடுப்புக்குப் பின் பிராம்பரைப் பெற்றவர் ஒரு வில்லியம். அவர் மகன் ஃபிலிப். ஃபிலிப்பின் மகன் வில்லியம். அவர் மகன்தான் நம்மவர், 1211இல் இறந்தவர். பட்டினியால் செத்த மகனும் வில்லியம், 1230இல் தூக்கிலிடப்பட்ட பேரனும் வில்லியம். இன்னொரு கிளையில் அப்புறமும் இரண்டு வில்லியம்கள் உண்டு. நம்மவரைச் சிலர் மூன்றாம் வில்லியம் என்பார்கள், சிலர் நான்காம் வில்லியம் என்பார்கள். பெயரை எண்ணினால் மூன்று, பிராம்பர் பிரபுக்களை எண்ணினால் ஃபிலிப்பையும் சேர்த்து நான்கு, அவ்வளவுதான். நான் எண்களையே விட்டுவிட்டு ஒவ்வொருவரையும் இறந்த ஆண்டால் குறித்துக்கொண்டேன்: 1210 வில்லியம், 1211 வில்லியம், 1230 வில்லியம். இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அடுத்து ஆண்டுக் கணக்கு. நம் கல்வெட்டுகளைப் போலவே அங்கேயும் மன்னரின் ஆட்சியாண்டைத்தான் எழுதுவார்கள். ஆனால் ஜான் 1199 மே 27 அன்று, இயேசுவின் விண்ணேற்றத் திருநாளில் முடிசூடினார். அந்தத் திருநாள் ஈஸ்டரோடு சேர்ந்து நகர்கிற நாள். அதனால் அவருடைய ஆட்சியாண்டு ஒவ்வொன்றும் வேறு வேறு தேதியில் தொடங்கும். 18ஆம் ஆண்டு 1216 மே 19 அன்று தொடங்கி அவர் இறந்ததோடு முடிகிறது. கருவூலக் கணக்கோ செப்டம்பர் 29 அன்று முடிகிற வேறு ஆண்டு. ஓர் அட்டவணை போட்டு மேசையில் வைத்துக்கொள்ளாமல் இந்த வேலை நடக்காது.

ஜான் காலத்திலிருந்து அரசு அலுவலகம் தான் அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் தோல் சுருள்களில் படி எடுத்து வைத்தது. சாசனங்களுக்கு ஒரு வரிசை, திறந்த கடிதங்களுக்கு ஒன்று, முத்திரையிட்டு மூடிய கடிதங்களுக்கு ஒன்று, மன்னருக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒன்று. ஜான் காலத்துச் சுருள்களில் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சிட்டுவிட்டார்கள், அந்தப் பக்கங்கள் இன்று இணையத்தில் இலவசம். ஆனால் லத்தீன் சுருக்கெழுத்துக் குறிகளை அப்படியே அச்சில் வார்த்திருப்பார்கள். பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகம் தன் தளத்தில் ஆரம்ப நிலை லத்தீன் பாடமும் பழைய கையெழுத்துப் பாடமும் இலவசமாக வைத்திருக்கிறது. அவை போதும். அரசுக் கடிதங்களின் லத்தீன் திரும்பத் திரும்ப ஒரே வாய்பாட்டில் வரும், சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

லண்டனில் கியூவில் இருக்கும் அந்தக் காப்பகத்துக்கும் போனேன். பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று கொடுத்தால் வாசகர் அட்டை இலவசம். பேனா கூடாது, பென்சில் மட்டும். பையை லாக்கரில் வைத்துவிட்டு, தேவையானதை ஒளிபுகும் பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போக வேண்டும். இடைக்கால ஆவணங்களுக்கு இரண்டாம் மாடியில் தனி அறை. கடிதச் சுருள்களின் தோல்களை முனையோடு முனை தைத்து நீளமாகச் சுருட்டியிருப்பார்கள். கருவூலத்தின் பைப் சுருளில் தோல்களை அடுக்கி, தலைமாட்டில் மட்டும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கடன் நிலுவை எல்லாம் இதில்தான். வில்லியத்தின் வீழ்ச்சியும் இதில்தான் தொடங்குகிறது.

1201இல் ஜான் அவருக்கு அயர்லாந்தின் லிமரிக் பகுதியைக் கொடுத்தார். விலை 5,000 மார்க், ஆண்டுக்கு 500 வீதம். மார்க் என்பது நாணயம் அல்ல, 13 ஷில்லிங் 4 பென்ஸ் என்கிற கணக்கு அலகு. ஒரு பிரபுவுக்கு ஆண்டு வருமானம் சில நூறு பவுண்டு வந்தாலே பெரிது என்றிருந்த காலம். வில்லியம் மிகச் சிறு பகுதியைத்தான் கட்டினார். யாரும் நெருக்கவில்லை. ஏனென்றால் அவர் அப்போது மன்னரின் வலக்கை. 1202இல் பிரான்சின் மிர்போவில் ஜானின் அண்ணன் மகன் ஆர்தரைப் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். அரியணைக்கு உரிமை கோரிய அந்த இளைஞன் மறு ஆண்டு ரூவானில் சிறையிலிருந்தபடியே காணாமல் போனான். என்ன நடந்தது என்று தெரிந்த மிகச் சிலரில் வில்லியமும் ஒருவர் என்று நம்புவதற்கு நிறைய இடம் இருக்கிறது.

அவரை நல்லவராக்கிவிடும் ஆசை எனக்கு வரவில்லை. 1175இல் கிறிஸ்துமஸ் சமயத்தில் வேல்ஸ் தலைவர் செய்சில் அப் டிவ்ன்வாலையும் மற்றவர்களையும் சமாதானம் பேச அபர்கவென்னி கோட்டைக்கு அழைத்து, உள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். பிறகு செய்சிலின் வீட்டுக்குப் போய்ச் சிறுவனான மகன் கட்வாலடரையும் கொன்றார்கள். இதே வில்லியத்தைப் பற்றி, பிரெக்கன் பகுதியில் அருகிலேயே வாழ்ந்த ஜெரால்ட் பாதிரியார் என்ன எழுதுகிறார் தெரியுமா? எதற்கெடுத்தாலும் கடவுள் பெயரைச் சொல்வாராம். கடிதங்களில் ‘இறைவன் அருளால்’ போன்ற சொற்களைச் சேர்ப்பதற்காகவே எழுத்தர்களுக்கு வருடாவருடம் தனியாகப் பொன் கொடுப்பாராம். படுகொலையின் பழியை அவர்மேல் போடாமல் நழுவிவிடுகிறார் ஜெரால்ட். தெரிந்தவர் எழுதியது, தெரிந்தவர் எழுதியதாகவே இருக்கிறது. செய்சில் குடும்பத்துக்கு நேர்ந்ததை எழுதாமல் மட்டில்டாவுக்கு நேர்ந்ததை மட்டும் எழுதுவது அநியாயம் என்று இரண்டையும் என் குறிப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

மட்டில்டா டி செயின்ட் வாலெரி சாதாரணப் பெண்மணி அல்ல. வேல்ஸில் பெய்ன்ஸ்காசில் கோட்டையை எதிரிகளிடமிருந்து காத்தவர். அந்தக் கோட்டைக்கு மட்டில்டாவின் கோட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. ஹே கோட்டையை ஒரே ராத்திரியில் கட்டினார் என்று அந்த ஊரில் கதை. மடியில் கல் சுமந்து வரும்போது செருப்புக்குள் விழுந்த ஒரு சின்னக் கல்லைத் தூக்கி எறிந்தாராம், அது வை ஆற்றைத் தாண்டி லோவெஸ் ஊரில் விழுந்ததாம். அந்தப் பெரிய சிலுவைக் கல் இன்று லோவெஸ் தேவாலயத்துக்குள் நிற்கிறது. உண்மையில் மட்டில்டாவுக்கு முந்தைய காலத்துக் கல் அது. ஆனாலும் கதையில் அவர் வருகிறார், கணவர் வரவில்லை.

1208இல் மன்னர் பிணையாகப் பிள்ளைகளைக் கேட்டு ஆள் அனுப்பினார். சொந்த அண்ணன் மகனையே கொன்றவரிடம் என் பிள்ளைகளைத் தர மாட்டேன் என்று மட்டில்டா சொன்னதாக செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி வெண்டோவர் ரோஜர் எழுதியிருக்கிறார். பின்னால் எழுதப்பட்டதுதான், வார்த்தைக்கு வார்த்தை நம்ப முடியாது. ஆனால் குடும்பம் அயர்லாந்துக்கு ஓடியதும், முதலில் வில்லியம் மார்ஷலும் பிறகு மருமகன் வால்ட்டர் டி லேசியின் வீட்டாரும் அடைக்கலம் கொடுத்ததும் உறுதி. 1210இல் ஜான் படையோடு அயர்லாந்து போனார். மட்டில்டா கடல் தாண்டி ஸ்காட்லாந்துப் பக்கம் தப்ப, காலவேயில் பிடிபட்டார்.

இந்த இடத்தில்தான் ஓர் அபூர்வமான ஆவணம். தன் பக்க நியாயத்தை ஜானே ஓர் அறிக்கையாக எழுதி, பிரபுக்களைச் சாட்சி வைத்து வெளியிட்டார். லிமரிக் கடன், வில்லியம் லெம்ஸ்டர் ஊரைக் கொளுத்தியது என்று குற்றங்களை வரிசையாக அடுக்குகிறார். மட்டில்டா 40,000 மார்க் தருவதாக ஒப்புக்கொண்டாராம், அது பிறகு 50,000 ஆனதாம். மன்னருடைய ஓராண்டு வருமானத்துக்கே ஈடான தொகை. தவணை நாளில் கேட்டபோது, தன்னிடம் இருப்பது 24 மார்க் வெள்ளி, 24 பைசாந்து என்கிற பொற்காசு, 15 அவுன்ஸ் தங்கம், அதற்கு மேல் இல்லை என்றாராம். மட்டில்டாவைக் குற்றவாளியாகக் காட்டத்தான் ஜான் இதைப் பதிந்து வைத்தார். எனக்கு இதுதான் அவருடைய குரல் நேராகக் கேட்கிற இடம். இந்தக் கணக்கைச் சொல்லும்போது அவருக்குத் தன் முடிவு தெரிந்திருக்கும்.

அதற்குப் பின் அறிக்கை பேசுவதில்லை. தாயையும் மகனையும் அடைத்த இடம் கோர்ஃப் கோட்டை என்கிறார் ஒருவர், விண்ட்சர் என்கிறார் இன்னொருவர். ஒரு கட்டுத் தானியக் கதிரும் ஒரு துண்டுப் பச்சைப் பன்றி இறைச்சியும் வைத்துப் பூட்டினார்கள், பதினோராம் நாள் திறந்தபோது தாயும் மகனும் இறந்து கிடந்தார்கள் என்று பிரெஞ்சில் எழுதிய ஒருவரின் நூலில் இருக்கிறது. இன்னும் கொடுமையான விவரமும் அதில் உண்டு, நான் அதை எழுதவில்லை. இடம் எது என்பதில் முரண் இருந்தாலும் பட்டினி என்பதில் எல்லோரும் ஒன்றாகவே சொல்கிறார்கள். கணவர் பிச்சைக்காரர் வேடத்தில் பிரான்சுக்குத் தப்பி 1211 ஆகஸ்டில் கார்பெயில் ஊரில் இறந்தார். பாரிஸில் செயின்ட் விக்டர் மடத்தில் அடக்கம். நாடு கடந்து வாழ்ந்த பேராயர் ஸ்டீபன் லாங்டன் அதில் கலந்துகொண்டார். 1215இல் மாக்னா கார்ட்டா உருவான ரன்னிமீடில் ஜானுக்கும் பிரபுக்களுக்கும் நடுவே நின்று பேசியவர் அவர்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். சுருள்களோடு இன்னும் கொஞ்ச தூரம் போகச் சொல்வேன், ஏனென்றால் மகள்கள் அங்கேதான் கிடைக்கிறார்கள். லெஸ்டர் கோமகனின் விதவையான லொரெட்டா கேன்டர்பரி அருகே ஹாக்கிங்டனில் அடைபட்ட அறையில் தவவாழ்வு மேற்கொண்டார். அனோராவும் சிறையிலிருந்து வந்தவர். அவர் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் இஃப்லி தேவாலயத்தை ஒட்டிய அறையில் அப்படியே வாழ்ந்தார். ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி அனோராவுக்கு விறகும் தானியமும் உடையும் அனுப்பச் சொன்ன உத்தரவுகள் மூடிய கடிதச் சுருள்களில் வரிவரியாக இருக்கின்றன. காரணம் எதிலும் இல்லை.

இன்னொரு மகள் மார்கரெட், வால்ட்டர் டி லேசியின் மனைவி. 1216 அக்டோபர் 10, திறந்த கடிதச் சுருள். தந்தை வில்லியம், தாய் மட்டில்டா, சகோதரன் வில்லியம் ஆகியோரின் ஆன்மாவுக்காக ஒரு மடம் கட்ட, ஹியர்ஃபோர்ட்ஷயரின் அகான்பரி காட்டில் மூன்று ஏர் நிலத்தை மார்கரெட்டுக்கு அளிக்கிறார் மன்னர். எந்த மன்னர்? ஜான்தான். அன்று அவர் லின் நகரில் இருந்தார், ஒன்பது நாளுக்குள் நியூவார்க்கில் இறந்துபோனார். இது மனசாட்சியா, சாவு பயமா, வால்ட்டரைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளும் கணக்கா? கடிதம் சொல்லாது. எனக்கு முக்கியமாகப் படுவது மார்கரெட். தாயைக் கொன்றவரிடமே போய், தாயின் பெயரை அவருடைய சுருளிலேயே எழுத வைத்துவிட்டார்.

பேரன் கதைக்கு வேறு கருவி வேண்டும். ஒரு பிரபு இறந்தால் நிலம் எவ்வளவு, வாரிசு யார் என்று நடக்கும் விசாரணைகளின் வரிசை 1236 வாக்கில்தான் நமக்குத் தொடங்குகிறது. 1230க்கு அது உதவாது. அங்கே கைகொடுப்பது மூன்றாம் ஹென்றியின் ஃபைன் சுருள்கள், அதாவது மன்னருக்குப் பணம் தர ஒப்புக்கொண்டவர்களின் வரிசை. அவை ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் முழுசாக இருக்கின்றன. 1230 மே மாதம், வேல்ஸ் இளவரசர் லவெலின், தன் மனைவி ஜோனுடன் அறையில் பிடிபட்ட வில்லியத்தைப் பலர் முன்னிலையில் தூக்கிலிட்டார். ஜோன் வேறு யாருமல்ல, ஜான் மன்னரின் மகள். அதற்குப் பிறகும் லவெலின் வில்லியத்தின் விதவை ஈவாவுக்குக் கடிதம் எழுதி, ஏற்கெனவே பேசி வைத்த கல்யாணத்தை, அதாவது தன் மகன் டேவிட்டுக்கும் வில்லியத்தின் மகள் இசபெல்லாவுக்கும் ஆன சம்பந்தத்தை, நடத்தலாமா என்று கேட்கிறார். தீர்ப்பைத் தன்னால் தடுக்க முடியவில்லை என்றும் சொல்கிறார். கல்யாணம் நடந்தது.

ஆண் வாரிசு இல்லாததால் சொத்து நான்கு மகள்களுக்கும் பிரிந்தது. மாட் மார்டிமர் வீட்டுக்குப் போனார், ஈவா கான்டிலூப் வீட்டுக்கு அபர்கவென்னியோடு, எலினார் போஹூன் வீட்டுக்கு பிரெக்கனோடு. மாட் வழியில் நான்காம் எட்வர்டும், எலினார் வழியில் ஐந்தாம் ஹென்றியும் வருகிறார்கள். பிராம்பரும், வேல்ஸின் கவர் (Gower) பகுதியும் பட்டினியால் இறந்த வில்லியத்தின் மகன் ஜானின் கிளைக்குப் போயின. பிராம்பரில் இன்று கோட்டையில் ஓங்கி நிற்பது ஒரே ஒரு சுவர்தான்.

இப்போது என் தேடல் அகான்பரியில் நிற்கிறது. மார்கரெட் தன் மடத்தை முதலில் ஹாஸ்பிடலர் என்கிற போர்வீரத் துறவிகளின் சபையோடு சேர்த்தார். பிறகு அதை அவர்களிடமிருந்து விடுவிக்க போப்பிடம் வருடக்கணக்கில் வழக்காடி, அகஸ்தீன் விதியின் கீழ் கொண்டுவந்தார். போப்பாண்டவர் பதிவேடுகளின் ஆங்கிலச் சுருக்கமும் இணையத்தில் கிடைக்கிறது. அந்த வழக்கின் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். யாராவது ஏற்கெனவே செய்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.