சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் செயினுக்கு எண்ணெய் விடும் முறை

கேடிஎம் டியூக், யமஹா ஆர்15 போன்ற வண்டிகளை வைத்திருக்கும் எங்கள் பகுதி இளைஞர்களில் பலர் இன்ஜின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுகிறார்கள், டயரில் காற்றை வாரந்தோறும் பார்க்கிறார்கள். ஆனால் செயினை மட்டும் அடுத்த சர்வீஸ் வரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வண்டிக்குச் சென்டர் ஸ்டாண்டு கிடையாது, பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்ற வழியில்லை என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். தனியாக ஸ்டாண்டு எதுவும் வாங்காமல், வீட்டு வாசலிலேயே, ஒருவரே இந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்து முடிக்க முடியும். அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், வண்டியை எத்தனை முறை நகர்த்த வேண்டும் என்பதைக் கணக்கோடு எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

கொங்கு நாட்டில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது கூடுதல் அவசியம். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை புழுதியை அள்ளிக்கொண்டு வருகிறது. அந்தப் புழுதி ஈரப்பசையுள்ள எதன் மீதும் ஒட்டிக்கொள்ளும். பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னை நார்த் தொழிற்சாலைகளை ஒட்டிய சாலைகளில் நார்த் தூளும், சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடங்களை ஒட்டிய தெருக்களில் பஞ்சுப் பிசிறும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. இதே காலத்தில் ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏறினால், தென்மேற்குப் பருவமழை செயினில் இருந்த எண்ணெயைக் கழுவி எடுத்துவிடும். காலையில் தாராபுரம் சாலையில் மண்ணையும் மாலையில் மலையில் மழையையும் வாங்கும் செயினை, ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் சர்வீசை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. பொதுவாக 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், நல்ல மழையில் நனைந்து வந்தால் அன்றைக்கே ஒருமுறையும் எண்ணெய் விடுவது என்ற கணக்கு எங்கள் பக்கத்துச் சாலைகளுக்குச் சரியாக இருக்கிறது. வண்டியோடு வரும் கையேட்டில் இதைவிடக் குறைந்த இடைவெளி சொல்லப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

எண்ணெய் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெரிந்தால்தான் அதை எப்படி விடுவது என்பது புரியும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் இருப்பது ஓ-ரிங் வகைச் செயின். ஒவ்வொரு கண்ணியிலும் நடு அச்சாக இருக்கும் பின் என்ற கம்பிக்கும் அதைச் சுற்றிய புஷ் என்ற சிறு குழாய்க்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, அது வெளியே கசியாதபடி இரு பக்கத் தகடுகளுக்கும் இடையில் சிறு ரப்பர் வளையங்களை வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்தக் கிரீசுக்குள் நம் எண்ணெய் போகாது, போகவும் தேவையில்லை. ஆனால் புஷ்ஷின் மேல் உருளும் ரோலருக்கு அந்த அடைப்பு கிடையாது. ரோலருக்கும் புஷ்ஷுக்கும் இடையே, ரோலருக்கும் ஸ்ப்ராக்கெட் (செயின் சுற்றும் பற்சக்கரம்) பல்லுக்கும் இடையே தேய்மானம் கூடாமல், தகடுகளின் வெளிப்புறத்தில் துரு ஏறாமல், ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்காமல் காப்பதற்குத்தான் நாம் விடும் எண்ணெய். எனவே தேவைப்படுவது மிகக் கொஞ்சம். செயினின் வெளிப்பக்கம் முழுவதும் வழியும்படி பூசுவதால் எந்தப் பயனும் இல்லை. அது ஓடும்போது தெறித்துப் பின் சக்கரத்தில் படிகிறது, அல்லது புழுதியைச் சேர்த்து அரைக்கும் பசையாக மாறுகிறது. விசைத்தறிக்கு எண்ணெய் விட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: மிகுதியாக விட்ட எண்ணெய் தறிக்கும் உதவாமல் துணியில் கறையாகத்தான் போய்ச் சேரும்.

வழிமுறைக்கு வருமுன், செய்யவே கூடாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பின் சக்கரத்தை எப்படியோ தூக்கி நிறுத்தி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் விட்டு, ஓடிக்கொண்டிருக்கும் செயினில் துணியையோ பிரஷ்ஷையோ பிடிப்பது பல இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. நான் வாசலில் வண்டியைக் கையால் நகர்த்தி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது அந்த வழியாக வந்த அண்ணன் ஒருவர், "ஏனுங் தம்பி, ஸ்டார்ட் பண்ணி ஃபர்ஸ்ட் கியர்ல உட்டா அதுவே சுத்துமுங்ளே, எதுக்குங் இப்பிடித் தள்ளீட்டிருக்கறீங்க?" என்று அக்கறையோடுதான் கேட்டார். "வெரல் போனா வருமுங்ளாண்ணா?" என்று கேட்டேன், அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். 200 சிசி அளவுள்ள வண்டியில் ஐடிலிங்கில் முதல் கியரில் செயின் ஒரு நொடிக்கு ஓர் அடிக்கும் மேல் நகரும். துணியின் ஒரு நூல் பல்லில் சிக்கினாலே போதும்; கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. விரலின் தடையால் இன்ஜின் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது, ஏனெனில் முதல் கியரில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவிசை அவ்வளவு பெரியது. சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் கியரில் இன்ஜின் ஓடாதபடி தடுக்கும் சுவிட்சைக்கூட இதற்காகச் சிலர் துண்டித்து வைக்கிறார்கள். அது சாலையிலும் உயிரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. செயின் வேலை தொடங்குமுன் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என்ற ஒரு பழக்கம் இருந்தால் இந்த ஆபத்து முழுவதுமாக விலகிவிடும்.

இனி கணக்கு. 428 அளவுச் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே 12.7 மில்லிமீட்டர். செயினில் 120 கண்ணிகளும் பின் ஸ்ப்ராக்கெட்டில் 42 பற்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 42 கண்ணிகள் நகரும்; ஆகவே முழுச் செயினும் ஒருமுறை வந்து போக மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவே போதும். 17 அங்குலச் சக்கரத்தின் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். அப்படியானால் வண்டியை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி முன்னால் தள்ளினால் செயினின் எல்லாக் கண்ணிகளும் நம் கைக்கு வந்துவிடுகின்றன. கண்ணிகளின் எண்ணிக்கையும் பற்களும் வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் விடை பெரிதாக மாறாது. கொங்கு நாட்டு ஊர்களில் பல வீடுகளின் முன்வாசலோ கார் நிறுத்தும் இடமோ இந்த நீளத்துக்குப் போதுமானது.

வண்டியை நியூட்ரலில் வைத்து, சமமான சிமெண்ட் தரையில், வாசலின் ஒரு கோடியில் சைடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இந்த வண்டிகளில் செயினும் சைடு ஸ்டாண்டும் இடப்பக்கமே இருப்பதால் வண்டி நம் பக்கம் சாய்ந்திருக்கும். எனவே முகத்தையும் தோளையும் அடியில் கொடுக்காமல், சற்று விலகிப் பின்புறமாக உட்கார வேண்டும். முதலில் தெரியும் கண்ணி ஒன்றின் வெளித் தகட்டில் வெள்ளை நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துவிட்டால், எங்கே தொடங்கினோம், எங்கே முடிக்க வேண்டும் என்பதில் குழப்பம் வராது. ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு நடுவே, கீழ்ப்பக்கத்தில், தடையில்லாமல் கைக்கு எட்டும் நீளம் ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை இருக்கும். அந்த நீளத்தைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, வண்டியை நிமிர்த்தி, சைடு ஸ்டாண்டை மடக்காமலேயே முக்கால் மீட்டர் முன்னால் தள்ளி, மறுபடி சாய்த்து நிறுத்தினால், அடுத்த பகுதி வந்து நிற்கும். ஏழு அல்லது எட்டு முறை இப்படிச் செய்ததும் வெள்ளைப் பொட்டு திரும்ப வந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மிதிவண்டியைப் போல மோட்டார் சைக்கிளில் ஃப்ரீ வீல் கிடையாது. வண்டியைப் பின்னால் தள்ளினால் செயினும் பின்னோக்கியே ஓடி, ஏற்கெனவே எண்ணெய் விட்ட கண்ணிகள்தான் திரும்ப வரும். வாசல் சிறியது என்பதற்காக முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பவர்களின் செயினில் பாதிப் பகுதி எப்போதும் காய்ந்தே இருப்பது இதனால்தான். இடம் குறைவாக இருந்தால், வாசல் முடியும் இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, மறுபடியும் முன்னோக்கியே தள்ள வேண்டும். திருப்பும்போது பின் சக்கரம் உருளும் தூரத்தையும் கணக்கில் விட்டுவிடாமல் இருக்கத்தான் வெள்ளைப் பொட்டு.

சுத்தம் செய்ய பழைய பல் பிரஷ் ஒன்றும், கை நிறையப் பனியன் வேஸ்ட்டும் போதும். திருப்பூர் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பனியன் வேஸ்ட்டைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. கம்பி பிரஷ் ரப்பர் வளையங்களைக் கிழித்துவிடும். பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. மண்ணெண்ணெயில் நனைத்த துணி நல்லது. அது கிடைக்காவிட்டால் ஓ-ரிங் செயினுக்கு உகந்தது என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும் செயின் கிளீனரை வாங்கிக்கொள்ளலாம். துடைத்த பிறகு நன்றாக உலர விட வேண்டும், ஈரத்தின் மேல் விடும் எண்ணெய் ஒட்டாது.

எண்ணெயைச் செயினின் உட்பக்கத்தில், அதாவது கீழ்ப்பகுதியின் மேல் முகத்தில், பற்கள் வந்து பதியும் பக்கத்தில் விட வேண்டும். வண்டி ஓடும்போது சுழற்சியின் வேகம் எண்ணெயை உள்ளிருந்து வெளியே தள்ளுமாதலால், உள்ளே விட்டது ரோலர்களைக் கடந்து பரவும். வெளியே விட்டது வெளியே போய்விடும். செயின் எண்ணெய் ஸ்ப்ரே டப்பாவின் மெல்லிய குழாயை இரு தகடுகளின் ஓரத்துக்கு நேராக, ஒருமுறை இடது ஓரத்திலும் ஒருமுறை வலது ஓரத்திலும் பிடித்துச் சிறிதளவு அழுத்தினால், எண்ணெய் முதலில் நுரையாக நின்று, பின் ரோலருக்கு அடியில் மெல்ல இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படி இறங்கியதும் நிறுத்திவிடலாம். பின்னால் ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துக்கொள்வது மிக முக்கியம், டயரின் ஓரத்திலோ பிரேக் டிஸ்க்கிலோ ஒரு துளி பட்டாலும் அடுத்த வளைவில் விழ நேரிடலாம். பட்டுவிட்டால் சோப்பு நீரால் டயரையும், பிரேக் கிளீனரால் டிஸ்க்கையும் துடைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

ஸ்ப்ரே விலை கூடுதல் என்று நினைப்பவர்கள் 90 கியர் ஆயிலைப் பயன்படுத்தலாம். பல வண்டிகளின் கையேடே அதைப் பரிந்துரைக்கிறது. அது அதிகம் தெறிக்கும், அடிக்கடி விட வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் அழுக்கைத் தன்னோடு கொண்டு வெளியேறும் என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். இன்ஜினிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலைச் செயினில் ஊற்றுவது நம் ஊர்ப் பக்கம் வெகுவாகப் பரவியிருக்கும் பழக்கம். அந்த ஆயிலில் கரியும் நுண்ணிய உலோகத் துகளும் கலந்திருக்கின்றன, ரோலருக்கு அடியில் அவை தேய்மானத்தையே கூட்டும். கெட்டியான கிரீசும் வேண்டாம், உள்ளே இறங்காமல் மேலேயே நின்று மண்ணைப் பிடிக்கும்.

வேலைக்கு ஏற்ற நேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்த மாலைப் பொழுது. செயின் வெதுவெதுப்பாக இருக்கும், எண்ணெய் எளிதில் உள்ளே இறங்கும், இரவு முழுவதும் நின்று காலைக்குள் ஊறிவிடும். புறப்படுமுன் அவசரமாக அடித்துக்கொண்டு போனால் பாதி எண்ணெய் சாலையில்தான். காலையில் வெளித் தகடுகளை ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் புழுதி சேருவது வெகுவாகக் குறையும்.

பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். சக்கரத்தைக் கையால் சுற்றும் வசதி உண்டு, ஆனால் முன் பிரேக் லீவரை ரப்பர் துண்டால் கட்டி வைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும், முதல் சில தடவை இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்வது நல்லது. சக்கரத்தின் கீழ் வைக்கும் உருளைத் தட்டுகளும் சரியான தீர்வே. வண்டியைச் சைடு ஸ்டாண்டின் மேல் சாய்த்துப் பின் சக்கரத்தை ஒருவர் தூக்கிப் பிடிக்க மற்றவர் சுற்றும் முறையை மட்டும் நான் ஏற்கவில்லை: வண்டியின் எடையில் பெரும்பகுதி ஸ்டாண்டின் ஒரே போல்ட்டிலும் அதன் பற்றவைப்பிலும் இறங்குகிறது, செம்மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டு புதைந்து வண்டி உட்கார்ந்திருப்பவர் மேலேயே சாயும்.

தள்ளி எண்ணெய் விடும் முறையில் கிடைக்கும் கூடுதல் பயன் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து, ஓர் அளவுகோலை வைத்துத் தொய்வைப் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும், வண்டியை எப்படி நிறுத்தி அளக்க வேண்டும் என்பது பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும்; 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை என்பது பல வண்டிகளில் காணும் அளவு. செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேயாது என்பதால் ஏழெட்டு நிறுத்தங்களில் ஓரிடம் மற்றவற்றைவிட இறுக்கமாக இருக்கும். தொய்வை அந்த இறுக்கமான இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், தொளதொளப்பான இடத்தை வைத்து இறுக்கினால் கியர்பாக்ஸின் வெளி பேரிங்குக்குத் தாங்க முடியாத சுமை ஏறும். இறுதியாகப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி உயரம் தெரியும் அளவுக்கு அது விலகி வந்தாலோ, சில கண்ணிகள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த பிறகும் மடங்கிய நிலையிலேயே நின்றாலோ, அந்தச் செயினுக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒரே நேரத்தில் சேர்த்து மாற்றிவிட வேண்டும்.