ஒரே கொடியில் இரண்டு நிறம்

தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் திராட்சை நிறம் திரும்புவது டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும். எங்கள் நாற்றுப் பண்ணையில் எனக்கு வேலை நெட்டி முறிப்பது அந்த வாரங்களில்தான். தாய்த்தோட்டத்துக் கொடிகளிலிருந்து குளிர்காலத்தில் குச்சி வெட்டி, ஒட்டுக் கட்டி, மற்ற தோட்டங்களுக்கு அனுப்புகிறோம். ஆகவே ஒவ்வொரு கொடியும் தன் ரகத்துக்குரிய நிறத்தில் காய்க்கிறதா என்று வரிசை வரிசையாக நடந்து பார்க்க வேண்டும். மாறிக் காய்ப்பதற்கு நாடா கட்டிவிட்டால் ஆட்கள் வந்து வெட்டிவிடுவார்கள். நாடா கட்டுவதற்கும் வெட்டுவதற்கும் நடுவில் ஓர் ஆண்டு அவகாசம் வேண்டும் என்பது என் கட்சி.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவன். ஊரில் நிறம் பற்றிய பேச்சு முழுவதும் உரத்தையும் மழையையும் சுற்றியே இருக்கும். கலர் ஏறவில்லை என்றால் வியாபாரி விலையைக் குறைப்பார். வீட்டில் பொட்டாஷ் போதவில்லை என்பார்கள். நிறத்தின் மரபணுப் பக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இங்குள்ள ஆய்வக அக்கா. டர்பனில் பிறந்தவர். அவருடைய முன்னோர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள். வீட்டிலும் கோவிலிலும் காதால் கேட்டுக் கற்ற தமிழ் அவருடையது. ஆங்கிலத்தில் தொடங்குவார், முக்கியமான இடம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார்.

"வெள்ளைன்னு ஒரு கலரே கிடையாது தம்பி. பல்பு நல்லாத்தான் இருக்கு, சுவிட்ச்தான் போயிடுச்சு" என்றார் ஒருநாள்.

வெள்ளை என்று அவர் சொன்னது பச்சைத் திராட்சையை. அவர் சொன்னதை விரித்துச் சொல்கிறேன். காட்டுத் திராட்சை கறுப்பு. அந்தக் கறுப்பைத் தருவது தோலில் சேரும் ஆந்தோசயனின் என்ற நிறமி. அது உருவாகும் கடைசிப் படியை யுஎஃப்ஜிடி என்ற நொதி முடித்துவைக்கிறது. பச்சைத் திராட்சையிலும் அந்த நொதிக்கான மரபணு கெடாமல் இருக்கிறது. அதை முடுக்கிவிடும் மரபணுக்கள்தான் அங்கே ஊமையாகிவிட்டன. இரண்டாம் குரோமோசோமில் அருகருகே இருக்கும் அவற்றை மிப்-ஏ1, மிப்-ஏ2 என்கிறோம். மிப்-ஏ1இன் முன்பகுதியில் கிரெட்1 என்ற தாவும் மரபணு வந்து உட்கார்ந்து அதை அடக்கிவிட்டது என்பதை 2004இல் கோபயாஷி முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பக்கத்திலிருக்கும் மிப்-ஏ2உம் தனியாகப் பழுதாகியிருக்கிறது என்று 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாய்வழி, தந்தைவழி என இரண்டு பிரதிகளிலும் இந்தப் பழுது இருந்தால் காய் பச்சை. ஒன்று நன்றாக இருந்தாலே போதும், நிறம் வந்துவிடும். உலகின் பெரும்பாலான பச்சை ரகங்களில் ஒரே பழுதுதான் இருக்கிறது. ஆதியில் எங்கோ ஒருமுறை நேர்ந்த மாற்றத்தை மனிதர்கள் விரும்பிக் காப்பாற்றி, குச்சி வெட்டி வெட்டிப் பரப்பியிருக்கிறார்கள்.

எனக்கு மிக நெருக்கமான ஒரு செய்தி இதற்குள் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சை, அதாவது 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர், உண்மையில் மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அதன் பெற்றோரில் ஒன்று ஸ்கியாவா கிரோஸா என்ற கறுப்பு ரகம். மற்றொன்று அலெக்ஸாந்திரியா மஸ்கட் என்ற பச்சை ரகம். அலெக்ஸாந்திரியா மஸ்கட்டைத்தான் இங்கே ஹானபூட் என்கிறார்கள். கேப் பகுதியில் அதை அறியாத வீடு இல்லை. அப்படியானால் கம்பத்துப் பழத்தின் கறுப்பு ஸ்கியாவா கொடுத்தது. ஹானபூட்டிடம் கொடுக்க நிறம் இல்லை, ஊமையான பிரதிதான் இருந்தது. அதன் பங்கு மணத்தில் இருக்கிறது. ஹானபூட் வரிசைக்குள் நுழைந்ததும் ஊர்வாசனை அடிப்பதன் காரணம் இதுதான். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப இது உனக்குப் பாட்டி வீடு" என்றார்.

அந்தப் பாட்டி வீட்டில்தான் ஒரு கிளை சிவந்தது. ஒரே கொடியில் மற்ற கைகளெல்லாம் வழக்கம்போல மஞ்சள்பச்சை, ஒரு கையில் மட்டும் எல்லாக் கொத்துகளும் இளஞ்சிவப்பு. ஹானபூட்டில் சிவப்பு வகை இருப்பது இங்கே பழைய சங்கதி. அப்படிச் சிவந்தவற்றில் கிரெட்1 தன் இடத்தைவிட்டு நழுவியிருப்பதும், அதன் ஓர் ஓரத்துண்டு மட்டும் அங்கே தங்கியிருப்பதும், முடுக்கும் மரபணு ஓரளவு மீண்டும் பேசத் தொடங்குவதும் ஆய்வில் தெரிந்தவை. இத்தாலியா என்ற பச்சை ரகத்திலிருந்து ரூபி ஒக்குயாமா என்ற சிவப்பு ரகம் வந்ததும் இந்த வழியில்தான். தெரிந்த சங்கதி என்பதற்காகக் கண்ணெதிரே நடப்பதை வெட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நிறம் மாறியதெல்லாம் மரபணு மாற்றம் ஆகிவிடாது. தாய்த்தோட்டத்தில் நடக்கிறவர் முதலில் பழக வேண்டியது இந்தப் பிரித்தறிதல். கறுப்பு ரகத்தில் கொத்து வெளிறியிருந்தால் நான் முதலில் பார்ப்பது இலையை. ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இடைப்பகுதி சிவந்திருந்தால் அது இலைச்சுருள் நச்சுயிரி. மாவுப்பூச்சி பரப்புவது. இந்த நாட்டுத் திராட்சைக்குப் பெரிய சாபம் அது. அதற்கு அவகாசம் கேட்பது தோட்டத்தையே அழிக்கும், கொடியை வேரோடு எடுத்துவிட வேண்டும். இலை நன்றாக இருந்து வரிசை முழுவதும் நிறம் மந்தமாக இருந்தால் வெயிலின் வேலை. ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிரிம்சன் சீட்லஸ் என்ற சிவப்பு ரகம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரவு குளிராவிட்டால் அந்த ரகம் சரியாகச் சிவப்பதில்லை. கொத்தைச் சுற்றி இலை கிள்ளி, அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனைத் தெளித்துக் கலர் வரவழைக்கிறார்கள். காய்ப்பு மிஞ்சினாலும் நிறம் குறையும். மரபணு மாற்றத்துக்கோ எல்லை உண்டு. ஒரு கணுவில் தொடங்கும், அதற்கு மேலே உள்ளவை மாறியிருக்கும், கீழே உள்ளவை மாறாது. சில சமயம் ஒரே பழத்தில் கோடு கிழித்ததுபோல் பாதி கறுப்பும் பாதி பச்சையும் இருக்கும். பினோ நுவார் என்ற கறுப்பு ரகத்தின் வரிசைகளில் இதைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த ஆண்டும் அதே கிளையில் அதே நிறம் வர வேண்டும். நான் கேட்கும் ஓர் ஆண்டு இதற்காகத்தான்.

இப்படி விட்டுவைப்பதன் அருமை கேப் மண்ணுக்கு முன்பே தெரியும். 1822இல் இங்கிருந்த திராட்சைத் தோட்டங்களில் 93 விழுக்காடு செமியோன் என்ற பச்சை ரகம். ரகத்தின் பெயரைச் சொல்லத் தேவையே இல்லாமல் 'ஒயின் திராட்சை' என்றே அழைத்தார்கள். அந்தத் தோட்டங்களில் செமியோன் சில கொடிகளில் தானாகச் சிவந்தது. அன்றைக்கு வைத்திருந்தார்கள், இன்று ஃபிரான்ஷூக்கின் பழைய தோட்டங்களிலும் வேறு சில மூலைகளிலும் பச்சைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சம் நிற்கின்றன. என்னைப்போன்ற ஒருவர் விதிப்படி நடந்திருந்தால் அவையும் இருந்திருக்காது. ஆஸ்திரேலியாவின் லாங்ஹார்ன் கிரீக்கில் கேபர்னே சோவினியான் என்ற கறுப்பு ரகக் கொடியில் வெண்கல நிறத்தில் ஒரு கிளை காய்த்தது. தோட்டக்காரர் அதை வெட்டாமல் பெருக்கினார். அது மாலியன். பிறகு மாலியனிலிருந்து வெள்ளையாக ஷாலிஸ்டின் வந்தது. பழத்தோல் எப்படி நிறம் இழக்கிறது என்று ஆய்வாளர்கள் அடுக்கடுக்காகப் புரிந்துகொண்டதற்கு அந்த இரண்டு கொடிகள் பெரிதும் உதவின.

அடுக்கு என்று சொன்னது வெறும் பேச்சுக்கு அல்ல. கொடியின் வளர்முனையில் செல்கள் அடுக்குகளாக இருக்கின்றன. மேலடுக்கு பழத்தின் வெளித்தோலாகிறது, அடுத்த அடுக்கு அதற்குக் கீழே உள்ள திசுக்களாகிறது. மாலியனில் உள்ளடுக்கு மட்டும் நிறத்தை இழந்தது, ஷாலிஸ்டினில் இரண்டும் இழந்துவிட்டன. ஒரே கொடி, ஒரே இலை, ஆனால் அடுக்குக்கு அடுக்கு வேறு மரபணு.

எங்கள் சிவந்த கிளைக்கு மேலாளர் சம்மதம் கிடைத்தது. அடுத்த கோடையிலும் அது சிவந்தது. நச்சுயிரிச் சோதனையை அக்கா முடித்தார், ஒன்றும் இல்லை. கவாத்து சமயத்தில் அந்தக் கிளைக் குச்சிகளைத் தனியாக வெட்டி, எந்தக் கணு என்று சீட்டில் எழுதி ஒட்டுக் கட்டினோம். அவை காய்க்க ஆண்டுகள் ஆகும். அதற்குமுன் அக்காவுக்கு ஒன்று தெரிய வேண்டும்: மாற்றம் மேலடுக்கோடு நிற்கிறதா, உள்ளேயும் போயிருக்கிறதா? விதைக்குப் போகும் செல்கள் இரண்டாம் அடுக்கிலிருந்து வருகின்றன. ஆகவே சிவந்த கொத்துகளிலிருந்து விதை எடுத்து ஈர மணலில் குளிர்பெட்டிக்குள் வைத்திருக்கிறார். தன் மகரந்தத்தாலேயே சூலுற்ற விதைகள் என்றால், உள்ளடுக்கும் மாறியிருக்கும் பட்சத்தில் நாற்றுகளில் நாலில் மூன்றுக்கு அந்த விழித்துக்கொண்ட மரபணு இருக்க வேண்டும். மேலடுக்கு மட்டும்தான் என்றால் ஒன்றில்கூட இருக்காது. நாற்று காய்க்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இரண்டு இலை விட்டால் சோதித்துவிடலாம்.